மூக்குக்கு மேலே வளர்ந்த கட்டி

"எதுலயும் ஒரு வாசனையும் இல்லமே."

சுலோச்சனா இதைச் சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. காலையில் சாம்பார் கொதிக்கும்போது கரண்டியை மூக்குக்கு நேரே பிடித்துச் சொல்வாள். காபி கலக்கும்போது சொல்வாள். பூக்காரி நீட்டுகிற மல்லியை வாங்கித் தலையில் வைக்கும்போதும் சொல்வாள். முதலில் மளிகைக் கடைக்காரரைத் திட்டினாள், பெருங்காயத்தில் மைதா கலக்கிறார் என்று. கடையை மாற்றினாள். அங்கேயும் அதே கதை. பிறகு காபித்தூள் அரைக்கிறவரைத் திட்டினாள். வெளியே திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனதும் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாமே தாளிச்ச? கறிவேப்பில போட்டியா, புளியங்கொழுந்து போட்டியா?"

"கறிவேப்பிலதான் அத்தே. தெருமுன வரைக்கும் வாசன போவுது. உங்க மூக்குக்கு மட்டும் வழி தெரியலங்காட்டியும்," என்பாள் காஞ்சனா.

காஞ்சனா ஆர்.கே.பேட்டைப் பெண். சுலோச்சனாவின் ஒரே மகன் விஜயனைக் கட்டிக்கொண்டு வந்தவள். விஜயனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் முகம் காட்டுவான். மற்ற நாளெல்லாம் குடும்பம் நடத்துகிற டிபன் கடையில் மாமியார், மாமனார் ஆனந்தன், மருமகள் என்று மூன்றே பேர். அதனால் மாமியார் வாயிலிருந்து விழுகிற குறை எல்லாம் தன் தலைக்குத்தான் என்று காஞ்சனா முடிவு கட்டி வைத்திருந்தாள். வாசனை இல்லை என்றால் சமைக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். சமைக்கத் தெரியவில்லை என்றால் ஆர்.கே.பேட்டைக்காரர்கள் பெண்ணை வளர்த்த லட்சணம் அவ்வளவுதான் என்று அர்த்தம். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

திருத்தணி பேருந்து நிலையத்தை விட்டு வண்டிகள் வெளியே வந்து திரும்புகிற வளைவில் இருக்கிறது அந்த நாஷ்டா கடை. பெயர்ப்பலகை இல்லை. சுலோச்சனா கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கல்யாணமான புதிதில் ஆனந்தனுக்குக் கூலி வேலை சரியாக அமையவில்லை. அப்போது ஒரு கூடையில் இட்லியை வைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தவள்தான் சுலோச்சனா. மலைக்குப் போகிற கூட்டம், சென்னை ரயிலுக்கு ஓடுகிற கூட்டம், பள்ளிப்பட்டிலிருந்து சந்தைக்கு வருகிற கூட்டம், எல்லோருக்கும் அவள் இட்லி வாயில் பழகியது. கூடை மேசையானது, மேசை கடையானது. ஆனந்தன் கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டு மாவாட்டவும் இலை எடுக்கவும் வந்துவிட்டார். கடையில் அவருக்கு முதலாளி பெண்டாட்டிதான். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

வாய் நீளம்தான் சுலோச்சனாவுக்கு. கை கழுவாமல் உட்கார்ந்தவனை எழுப்பிவிடுவாள். சட்னியை மிச்சம் வைத்தவனிடம், "உங்க ஆத்தா அரச்சிருந்தா வெப்பியா?" என்று கேட்பாள். ஆனால் யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்குக் காரம் ஆகாது, எந்த டிரைவருக்குக் காலையில் பேச்சே பிடிக்காது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆட்டோ ஓட்டுகிற பெருமாளுக்குத் தோசையை ஒரு பக்கம் முறுகலாக, மறுபக்கம் மெத்தென்று சுட்டுக் கொடுப்பாள். அவன் கேட்டதில்லை. அவனுக்குக் கடைவாய்ப் பல் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டவள் அவள்.

அப்படிப்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளானாள்.

பால் பொங்கி அடிப்பிடித்துப் புகைந்தாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் கேஸ் அடுப்பின் குழாய் விரிசல் விட்டு கடை முழுக்க நாற்றம். பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காஞ்சனா ஓடிவந்து சிலிண்டரை மூடினாள். சுலோச்சனாவோ அடுப்புக்கு எதிரே தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னா அத்தே, கேஸு நாத்தம் அடிக்குதே, தெரியல?"

சுலோச்சனா சிரித்தாள். "போனா எல்லாரும் ஒண்ணா போவோம், வுடு."

காஞ்சனா அவள் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி வைத்தாள். பழைய சுலோச்சனாவாக இருந்தால் குழாய் விற்ற கடைக்காரனைத் தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள்.

அதன் பிறகு குளிக்கச் சொன்னால்தான் குளித்தாள். வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். பெருமாளின் தம்பி விபத்தில் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பெருமாள் கடைக்கு வந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். சுலோச்சனா அவன் முகத்தைப் பார்த்து, "இனிமே ஒரு தோச மிச்சம்," என்று சொல்லிச் சிரித்தாள். பெருமாள் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள் பொம்பளைகள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம். ஆனந்தன் மலைக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்து நெற்றியில் பூசினார். கட்டி இருந்தது அந்த நெற்றிக்குள்தான். அது அப்போது யாருக்குத் தெரியும்?

கடைசியில் காட்டிக்கொடுத்தது கண். டம்ளரில் ஊற்ற வேண்டிய காபியைச் சுலோச்சனா டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். இடது கண்ணில் மூட்டம் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அரக்கோணத்தில் ஒரு கண் டாக்டரிடம் காஞ்சனா கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் போனாள். அந்த டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து வெகு நேரம் பார்த்தார்.

"கண்ணுல கோளாறு இல்லம்மா. கண்ணுக்குப் பின்னாடி போற நரம்ப ஏதோ அழுத்துது. தலைய ஸ்கேன் எடுக்கணும். தள்ளிப் போடாதீங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் மருமகளும் மின்சார ரயிலில் போனார்கள். ஆனந்தன் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

அங்கே அனுராதா என்று ஒரு சின்ன வயசு டாக்டர். மூளையில் கட்டி இருக்கிறவர்களுக்கு மூக்கு எப்போது வேலையை நிறுத்துகிறது, அதை முன்கூட்டியே கண்டுபிடித்தால் கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர். அவர் மேசை மேல் சின்னச் சின்ன பாட்டில்களை வரிசையாக வைத்தார்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. ஒரு பக்கம் மூக்க விரலால அடைச்சுக்கோங்க. என்ன வாசனைன்னு சொல்லுங்க."

சுலோச்சனா மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணியும் இல்ல."

"இது?"

"இதுவும் காலி."

"சரி, இது?"

சுலோச்சனா கண்ணைத் திறந்துவிட்டாள். "இன்னா டாக்டரு, காலி பாட்டில நீட்டி நீட்டி தமாசு பண்ணிகினு கீற? அம்மாந்தொலவு ரயிலேறி வந்தது இதுக்கா?"

சுவரோரம் நின்றிருந்த காஞ்சனாவின் மூக்குக்கு முதலில் காபித்தூள் வந்தது. அப்புறம் கிராம்பு. கடைசியாக எலுமிச்சை, மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தாளித்தது சரியில்லை, காபி சரியில்லை, பூ சரியில்லை. இத்தனை வருஷமும் இந்த மனுஷி தன்னைக் குத்திக்காட்டவில்லை. உடம்பில் ஒன்று போய்விட்டது என்று கடையில் உட்கார்ந்துகொண்டு தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எப்படிச் சொல்வது என்று அவளுக்கே தெரியாமல் சொல்லியிருக்கிறாள். கேட்ட பேர் எல்லாம் பதில் பேசினார்களே தவிர, ஒருத்தர்கூட அந்த மூக்குக்கு முன்னால் ஒரு கிராம்பை நீட்டிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்று அனுராதா கேட்டார்.

"நான் கண்ணாலம் கட்டிகினு வந்த ரெண்டாம் வருசத்துலருந்து," என்றாள் காஞ்சனா.

ஆபரேஷன் பண்ணுகிற பெரிய டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி விரலால் காட்டினார். மூக்குக்கு மேலே, நெற்றி எலும்புக்குப் பின்னால், ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக உருண்டு இருந்தது கட்டி. புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, மூளையைச் சுற்றி இருக்கிற உறையிலிருந்து மெதுவாக வளர்ந்தது என்றார். முதலில் வாசனை நரம்பை நசுக்கியிருக்கிறது. அப்புறம் மூளையின் முன்பக்கத்தை அழுத்தியிருக்கிறது. அதனால்தான் எதிலும் அக்கறை இல்லாமல் போனது, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தது. இப்போது கண் நரம்புக்கு வந்திருக்கிறது.

"ஆபரேஷன் பண்ணா பழைய மாதிரி ஆயிடுவாளா டாக்டர்?" என்று ஆனந்தன் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"வாசனை திரும்பாது, அத மறந்துடுங்க. குணம் பெரும்பாலும் திரும்பும். இடது கண்ணுல போனது போனதுதான். வலது கண்ணு இன்னும் நல்லா இருக்கு. அதக் காப்பாத்தணும். அதுக்குத்தான் அவசரம்."

வலது கண். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரு கவலைதான். இரண்டும் போய்விட்டால் அடுப்படியில் நிற்பது எங்கே, கடை எங்கே?

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அனுராதா கேட்டபோது சுலோச்சனா, "முழுசாவே வெச்சிக்கோ. வூட்டுக்கு எடுத்துகினு போயி கொழம்பா வெக்கப் போறேன்?" என்றாள். அனுராதா சிரித்தார். காஞ்சனாவால் சிரிக்க முடியவில்லை.

அடுத்து நடந்ததுதான் கூத்து. இப்படி ஒரு வேலையை மலை மேல் சாமி இருக்கிற ஊர்க்காரர்கள்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆனந்தன் சொன்னார்: "தலைய தொறக்கணும்னா எப்டியும் மொட்ட அடிப்பாங்கோ. ஆஸ்பத்திரில அடிச்சா முடி குப்பைக்கித்தான் போவும். அத நம்ம சாமிக்கே குடுத்துட்டா இன்னா? வேண்டுதலும் ஆச்சு, ஆஸ்பத்திரிக்காரனுக்கு வேலயும் மிச்சம்."

நியாயமாகத்தான் பட்டது காஞ்சனாவுக்கும். ஒரே தலை, ஒரே முடி, இரண்டு காரியம். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த விஜயனும், "நைனா சொல்றது கரீட்டுதான்," என்றான். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். டாக்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை. மொட்டையடிப்பது சாமி சமாச்சாரம், அதை எதற்கு டாக்டரிடம் கேட்பது?

அட்மிட் ஆவதற்கு நாலைந்து நாள் முன்னால் மலைக்குப் போனார்கள். மொட்டை போடுகிறவர் கை சுத்தமானவர்தான். சுலோச்சனாதான் ஒரு இடத்தில் தலையை வைக்கவில்லை. கத்தி மண்டையில் இருக்கும்போதே திரும்பித் திரும்பி அவரிடம் வம்பளந்தாள்.

"ஆட்டாதம்மா, பட்டுடும்."

"படட்டுமே. உள்ள ஒரு எலுமிச்சம்பயம் கீதாம், அதயும் நீயே எடுத்துடு. டாக்டரு எதுக்கு?"

காதுக்கு மேலே இரண்டு இடத்தில் கீறிக்கொண்டது. ஆனந்தன் ஓடிப்போய்த் தட்டில் விற்கிற சந்தனத்தை வாங்கிவந்து மண்டை முழுக்க அப்பினார். அது சந்தனமோ, சாயமோ. வீட்டுக்கு வந்ததும் கீறின இடத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து வைத்தார். வெயிலுக்குப் பயந்து துண்டை இறுக்கிக் கட்டினார். புழுக்கத்தில் அரித்தது, சுலோச்சனா சொறிந்தாள். சொன்னால் கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. மண்டை முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பி, கீறின இடம் சீழ் கோத்துக்கொண்டது.

அட்மிட் ஆன அன்று காலை பெரிய டாக்டர் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். விரலைத் தலையின் குறுக்கே ஓட்டிக் காட்டினார்.

"இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் தோல வெட்டி மடக்கணும். அந்த வழியில எல்லாம் சீழ் இருக்கு. இப்ப வெட்டினா அது உள்ள போகும். மூளைக்குப் போச்சுன்னா கட்டியவிட அது மோசம்."

"அப்ப?" என்றாள் காஞ்சனா.

"ஆறட்டும். ஆறினாத்தான் தொடுவேன்."

"கண்ணு அதுவரைக்கும் தாங்குமா?"

"அதுக்குத்தான் நானும் யோசிக்கறேன். வீக்கம் குறைய மாத்திர இருக்கு. அதக் கூட்டினா புண்ணு ஆற நாளாகும். குறைச்சா கண்ணுக்கு ஆபத்து. நடுவுல ஒரு அளவு வெச்சுத்தான் ஓட்டணும்."

ஆனந்தன் கைகூப்பிக்கொண்டு, "நான்தான் சாமி மொட்ட அடிக்க வெச்சது," என்றார். "எப்டியும் அடிப்பீங்கன்னு..."

"நான் மொட்டையே அடிக்கறதில்ல ஐயா. வெட்டற இடத்துல ஒரு விரல் அகலத்துக்கு எடுப்பேன், அவ்ளோதான். சாமிக்கு முடி குடுத்தது தப்பே இல்ல. தையல் பிரிச்சு நல்லா ஆனப்புறம் முழுசா குடுத்திருக்கலாம். இத நாங்களும் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல."

திட்டியிருந்தால் தேவலை. அந்த மனுஷன் திட்டாமல் சொன்னது ஆனந்தனைச் சாய்த்துவிட்டது. ரயிலில் திரும்பி வரும்போது அரக்கோணம் தாண்டியும் தலையை நிமிர்த்தவில்லை. காஞ்சனாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. மாமா, மஞ்சள் வைக்க யார் சொன்னது உங்களை என்று கேட்க நினைத்தாள். தானும் சரி என்றவள்தானே என்று விழுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சுலோச்சனாவின் தலை காஞ்சனாவின் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துத் தண்ணீரில் காலையும் மாலையும் கழுவுவாள். ஒவ்வொரு முறையும் வேக வைத்துக் காயப்போட்ட துணியால் ஒற்றி எடுப்பாள். தலையணை உறையைத் தினமும் மாற்றுவாள். சுலோச்சனாவின் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள், தூங்கும்போது கையில் பழைய காலுறையை மாட்டினாள். பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி திருநீற்றை எடுத்துத் தலை பக்கம் கொண்டுபோனாள். காஞ்சனா அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"கால்ல பூசிட்டுப் போங்க சித்தி. தல மேல ஈ கூட ஒக்காரக் கூடாது."

"சாமி துண்ணூறும்மா."

"சாமிக்குத் தெரியும். டாக்டரத்தான் என்னால சமாளிக்க முடியாது."

கண்ணுக்கு அவள் கண்டுபிடித்த பரிசோதனை பஸ்தான். தினமும் காலையில் சுலோச்சனாவைக் கடை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணைக் கையால் மூடுவாள். நிலையத்திலிருந்து வெளியே வருகிற பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்வாள்.

"பள்ளிப்பட்டு."

"அடுத்தது?"

"உங்க ஊருக்குப் போற வண்டி. ஏறிப் போயேன், என்னிய ஏன் உசுர எடுக்கற?"

முதலில் வண்டி நிலைய வாசலைத் தாண்டும்போதே படித்தாள். கொஞ்ச நாள் போனதும் வளைவு வரைக்கும் வந்தால்தான் படித்தாள். அப்புறம் ஒரு காலையில் பஸ் கடைக்கு நேர் எதிரே வந்து நின்று, கண்டக்டர் விசில் ஊதி, அது கிளம்பும்போதும் சுலோச்சனா பேசாமல் இருந்தாள்.

"இன்னா எழுதிக்கீது அத்தே?"

"பஸ்ஸுன்னு எழுதிக்கீது."

அவள் சிரித்தாள். காஞ்சனா அன்றைக்கே அனுராதாவுக்குப் போன் போட்டாள். வலது கண்ணும் போகிறது என்று சொன்னாள். தலையை நாலு பக்கமும் படம் பிடித்து அனுப்பச் சொன்னார் அனுராதா. வெளிச்சம் சரியாக விழ, ஆனந்தன் வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து மனைவியின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பார்த்த பெரிய டாக்டர், கொப்புளம் எல்லாம் வற்றிவிட்டது, மறுநாளே கூட்டி வாருங்கள் என்று சொல்லச் சொன்னார்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் உள்ளே போன சுலோச்சனாவைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டு வந்தார்கள். முழுக்க எடுத்தாயிற்று என்றார் பெரிய டாக்டர். மற்றதை எழுந்த பிறகு பார்க்கலாம் என்றார். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டிருந்தது. வீக்கம் வடிகிற வரைக்கும் கண் தெரிகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் சுலோச்சனா கொஞ்சம் உளறினாள், நிறையத் தூங்கினாள்.

பிறகு ஒரு காலை, இமை பிரிந்து, வலது கண் கோடு மாதிரி திறந்தது. கட்டிலருகே நின்ற காஞ்சனாவை மேலும் கீழும் பார்த்தது.

"நீ இங்க நின்னுகினு கீற. அங்க கடைய யாரு பாத்துகினு கீறா?"

"பூட்டிக்கீது அத்தே."

"பூட்டிட்டு வந்தியா? ஊற வெச்ச உளுந்து இன்னா ஆவும்? புத்தி கீதா உங்களுக்கு?" வீங்கின உதட்டோடு அவ்வளவையும் சொன்னாள். "இன்னா புடவமே இது, கலரே சரியில்ல."

அரைத்த மாவு புளித்தால் என்ன, வழிந்தால் என்ன என்று வருஷக்கணக்கில் கிடந்தவள் உளுந்தைப் பற்றிக் கேட்டாள். புடவையின் நிறத்தையும் பார்த்துவிட்டாள். காஞ்சனா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த ஆனந்தன் பயந்துபோய் எழுந்தார்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"திட்டறாங்க மாமா. கண்ணும் தெரியுது, திட்டவும் திட்டறாங்க."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்துச் சுலோச்சனா கடைக்கு வந்தாள். காதிலிருந்து காதுக்கு ஒரு தழும்பு. முடி வளர்ந்து பாதி மூடிவிட்டது. வலிப்பு வராமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். இடது கண் இருட்டுதான். வலது கண் நன்றாகத் தெரிகிறது. மூக்கு டாக்டர் சொன்னபடியே திரும்பவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் காஞ்சனா நிற்பாள். "ஆச்சாமே?" என்று சுலோச்சனா கேட்பாள், "இன்னும் பச்ச வாசன போவல அத்தே," என்று இவள் சொல்வாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்கு, அவ்வளவுதான். இட்லி அதே இட்லி.

ஆனால் ஜனங்கள் வரவில்லை. தலையைத் திறந்த பொம்பளை என்று பேச்சு. மூளையில் பாதியை வெட்டிவிட்டார்களாம், கரண்டியை எடுத்து அடித்தாலும் அடிப்பாளாம். முன்பு அவள் சிரித்ததையும் கண்டபடி பேசியதையும் சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கினார்கள். பெருமாள் எதிர்த்த தள்ளுவண்டியில் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்திருந்தான்.

ஒருநாள் அவனாக வந்தான். கடை வாசலில் நின்று, தயங்கி, கையை உயர்த்திக் காட்டினான். சுலோச்சனா திரும்பவே இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பெருமாள் முகம் சுண்டிப்போய்த் திரும்பினான். உள்ளேயிருந்து இதைப் பார்த்த காஞ்சனா, மாவுக் கையோடு தெருவில் ஓடி அவன் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணா போற?"

"இன்னாம்மா, அது மூஞ்சக்கூட திருப்பல. தம்பி செத்தப்பகூட சிரிச்சிது. நான் இன்னா பண்ணேன் அதுக்கு?"

"அண்ணா, நீ நின்னது எடது பக்கம். அந்தக் கண்ணுல அவங்களுக்கு ஒண்ணியும் தெரியாது. அன்னிக்கி சிரிச்சது அவங்க இல்ல, உள்ள இருந்த கட்டி. அத எடுத்தாச்சு. இப்ப அந்தாண்ட வந்து நில்லு, அப்பால பேசு."

பெருமாள் கடையைச் சுற்றி வலது பக்கமாக வந்து நின்றான். சுலோச்சனா நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"ஏன்டா பெருமாளு, உங்க தம்பி போயிட்டானாமே. இவ சொல்லித்தான் எனக்குத் தெரியுது. என்னாண்ட நீ வந்து சொன்னியாம். எனக்கு ஒண்ணியும் நெனப்பு இல்லடா." தோசையைக் கல்லிலிருந்து எடுத்தாள். "கை கழுவினியா? போயி கழுவிகினு வந்து ஒக்காரு."

அவன் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஒரு பெருமாள் வந்தால் போதாது. அந்தக் கடையில் இன்னும் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. மலைக்குப் போகிறவர்களோ, சென்னைக்கு ரயில் பிடிக்கிறவர்களோ, காலையில் அந்த வளைவு வழியாகப் போனால் சுலோச்சனாவைப் போய்ப் பாருங்கள். பாவம் பார்த்துக்கொண்டு போகாதீர்கள், அவளுக்கு அது பிடிக்காது, பசியோடு போங்கள். தழும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது வாசனை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதை அவளிடம் தாராளமாகச் சொல்லலாம், எங்கே போகவேண்டும் என்று அவளே திட்டி அனுப்பிவைப்பாள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வாசலில் அவளுக்கு இடது பக்கம் நின்று கையாட்டிவிட்டு, கண்டுகொள்ளவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நாலு அடி வைத்து வலது பக்கமாகப் போய், அவள் கண்ணுக்கு எதிரே நில்லுங்கள்.